ஆயுத பூஜையன்று வேலை செய்த கம்ப்யூட்டர்

எங்கள் ஊர் கணபதி வட்டாரத்தில் யு.பி.எஸ். பெட்டிக்குச் சொந்தமாக டிரான்ஸ்ஃபார்மர் சுற்றி விற்ற முதல் ஆள் நான். பஞ்சு பறக்கிற நூற்பாலைக்குள் கம்ப்யூட்டர் ஒரு வாரம்கூட நிற்காது என்று இன்ஜினியர்கள் கையை விரித்தபோது, மரப்பெட்டி அடித்து, அதற்குக் காற்று வடிகட்டி மாட்டி, வருடக்கணக்கில் ஓட வைத்தவன் நான். எங்கள் கம்பெனியின் சர்வீஸ் பிரிவு ஒரு மேசையும் ஒரு சால்டரிங் அயர்னுமாகக் கிடந்தது. அதை ஒரு மாடி முழுக்கப் பரப்பியவன் நான். வைரஸ் எடுப்பதற்கென்று தனி மேசை வேண்டும், அதில் வேறு எந்த வேலையும் செய்யக் கூடாது என்று சண்டை போட்டு வாங்கியவனும் நானே. பெரியநாயக்கன்பாளையத்தில் வீடு கட்டினேன். இரண்டு பெண்களையும் படிக்க வைத்தேன். நான் படித்தது எட்டாவது. பாஸா ஃபெயிலா என்று பார்க்கப் பள்ளிக்கூடம் போகவில்லை. அன்றைக்கே மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் சுற்றும் வேலைக்குப் போய்விட்டேன்.

தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். ஓய்வு பெற்றவர்கள் அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று கம்பெனி மலருக்குக் கேட்டது நீங்கள். கேட்டால் நடந்ததைத்தான் எழுத முடியும்.

வேலை கற்ற காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காயில் சுற்றினேன். அப்புறம் டி.வி. மெக்கானிக். அப்புறம் யு.பி.எஸ். அப்போதெல்லாம் கம்ப்யூட்டர் என்றால் ஏ.சி. அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்க்க வேண்டிய பொருள். யு.பி.எஸ். மாட்டப் போன இடத்தில் பக்கத்தில் இருந்த பெட்டியையும் திறந்து பார்த்தேன். உள்ளே பயப்படும்படி ஒன்றும் இல்லை. டி.வி.யைவிடச் சுத்தமாக இருந்தது. அதோடு இந்தத் தொழில்தான் என்று முடிவாகிவிட்டது. இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனால் திரையில் வருகிற வரிகளை ஒன்று விடாமல் படிப்பேன். படித்தவர்கள் அவற்றைப் படிக்காமலே 'ஓகே' அழுத்திவிடுகிறார்கள்.

பழைய வைரஸ்கள் நல்லவை என்பேன். சிரிக்காதீர்கள். அவை ஆர்ப்பாட்டம் செய்யும். திரையில் எழுத்துகள் உதிரும், கம்ப்யூட்டர் தானாக அணைந்து மறுபடி எழும், பென் டிரைவில் இருந்த ஃபைலெல்லாம் காணாமல் போகும். அவிநாசியில் ஒரு பனியன் கம்பெனி ஆபீசில் அத்தனை கம்ப்யூட்டரிலும் ஒரே வைரஸ். முதலாளி கோயிலுக்கு வேண்டுதல் வைத்துவிட்டு எனக்குப் போன் செய்தார். ஒரே பென் டிரைவை எல்லோரும் மாற்றி மாற்றிச் செருகிய கதை அது. பென் டிரைவைப் பிடுங்கி என் பையில் போட்டேன்; பாதி நோய் தீர்ந்தது. நோய் கண்ணுக்குத் தெரியும், எடுத்தால் போனதும் தெரியும். அந்த வேலையில் ஒரு சுகம் இருந்தது.

தகவல் திருடுகிற ரகம் அப்படி இல்லை. கம்ப்யூட்டர் நன்றாக ஓடும். ஒரு சத்தமும் இருக்காது. பிரவுசரில் நாம் சேமித்து வைத்த பாஸ்வேர்டு, மெயில் கணக்கு, நாம் தட்டுகிற எழுத்து எல்லாவற்றையும் எடுத்து வெளியே அனுப்பிக்கொண்டே இருக்கும். திருடு போன பொருளும் நம்மிடமே இருக்கும். அதனால் திருட்டு நடந்ததே தெரியாது. தெரியவரும்போது முதலில் சந்தேகம் விழுவது கம்ப்யூட்டர் மேல் அல்ல. பக்கத்து நாற்காலியில் இருக்கிற ஆள் மேல்.

அந்தக் கதையைச் சொல்வதற்கு முன் வசந்தா மேடத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் சர்வீஸ் பிரிவுக்குத் தலைவராக வந்தவர். வயதில் என்னைவிடச் சின்னவர், பதவியில் மேலே. முதல் மாதம் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. இரண்டாவது மாதமும் பிடிக்கவில்லை. அவர் குரலை உயர்த்த மாட்டார். மனிதர்களுக்கு மட்டுமல்ல, மெஷினுக்கும் 'ங்க' போடுவார். "இது ஏனுங்க இப்படிப் பண்ணுது?" என்று மானிட்டரைப் பார்த்துக் கேட்பார். போன இடத்தில் உடனே கீபோர்டைத் தொட மாட்டார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, மெஷினுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, "கடைசியா எப்போங்க நல்லா இருந்துச்சு?" என்று கேட்பார். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை டீயைக் குடிப்பார். எனக்குக் கை அரிக்கும். நான் மவுஸைத் தொட்டால், திரும்பிப் பார்க்காமலே, "ரங்கராஜண்ணா, கை மடியில இருக்கட்டும்" என்பார்.

அவருடைய சட்டம் ஒன்று உண்டு. சந்தேகம் வந்த கம்ப்யூட்டரில் நெட் கம்பியைப் பிடுங்க வேண்டும், கரண்டைப் பிடுங்கக் கூடாது. கம்பியைப் பிடுங்கினால் திருடனுக்குப் போகிற வழி அடைபடும். கரண்டை நிறுத்தினால் அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருப்பது என்னவென்று பார்க்க வழியில்லாமல் போகும். நான் அதுவரை முதல் வேலையாக சுவிட்சை அணைக்கிற ஆள். அவர் சொன்னது சரி. சரியென்றால் ஏற்றுக்கொள்கிற குணமும் எனக்கு உண்டு. அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாச்சிமுத்து அண்ணனின் பட்டறை கணபதியில் இருக்கிறது. பம்புக்குள் சுற்றுகிற சக்கரத்துக்கு வார்ப்பு அச்சு செய்து கொடுக்கிற பட்டறை. ஒரு பெரிய பம்பு கம்பெனி தன் டிராயிங்குகளை நம்பி அனுப்பும். அவை வெளியே போகக் கூடாது என்பதுதான் அந்தத் தொழிலின் உயிர். பட்டறையில் கம்ப்யூட்டர் ஒன்றுதான். அதில் உட்காருபவர் ஸ்டெல்லா. மெயில், டிராயிங், பில் எல்லாம் அந்த அம்மா கையில்தான். காந்திபுரம் பக்கத்துச் சர்ச்சில் பாட்டுக் குழுவில் பாடுகிறவர். பட்டறையில் இரும்பு கடைகிற லேத் ஓடும் சத்தத்துக்கு மேலே கூப்பிட்டால் கேட்கிற ஒரே குரலும் அவருடையதுதான்.

ஒரு நாள் நாச்சிமுத்து அண்ணனுக்கு முகம் தெரியாத ஒருவனிடமிருந்து மெயில் வந்தது. பம்பு கம்பெனியின் டிராயிங் ஒன்றை ஒட்டி அனுப்பி, மற்றதும் என்னிடம் இருக்கிறது, பேசலாமா என்று கேட்டிருந்தான். அண்ணன் பயந்துபோய் பாஸ்வேர்டை மாற்றினார். மாற்றியது எப்படி என்றால், காலண்டரில் நல்ல நேரம் பார்த்து, குலதெய்வத்தின் பெயரை வைத்து, ஸ்டெல்லாவைத் தட்டச் சொல்லி, அதே கம்ப்யூட்டரில். சில நாளில் அவனிடமிருந்து இன்னொரு மெயில். பாஸ்வேர்டு மாற்றிய பிறகு வந்த புது டிராயிங்கும் அதில் இருந்தது.

புதுப் பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் இரண்டே பேர். அண்ணன் ஒருவர். இன்னொருவர் ஸ்டெல்லா.

அண்ணன் எங்களுக்குப் போன் செய்தார். மேடமும் நானும் போனபோது ஸ்டெல்லா சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மடியில் கைப்பை, அதன்மேல் சாப்பாட்டு டப்பா. கிளம்பச் சொன்னால் கிளம்பத் தயார் என்கிற மாதிரி. லேத்துக்காரர்கள் வேலை செய்வதுபோல் பாவனை செய்துகொண்டு காதை இங்கே வைத்திருந்தார்கள்.

"வாங்க மேடம், வாங்க ரங்கராஜு. மெஷின மட்டும் சுத்தம் பண்ணிக் குடுத்துபோடுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார் அண்ணன்.

"மத்ததுன்னா என்னதுங்க?" என்று கேட்டது ஸ்டெல்லா.

"அம்மணி, நான் ஒண்ணும் சொல்லலயே."

"லேத்துல நிக்கறவங்க அத்தன பேரு முன்னாலயும் காலைல சொன்னீங்களே, வீட்டுக்குள்ள பாம்ப வெச்சுக்கிட்டு வெளிய தேடறோம்னு. அது வேற யாருக்குங்க சொன்னது?"

அண்ணன் எங்கள் பக்கம் திரும்பிவிட்டார். ஒரு பட்டறையிலிருந்து டிராயிங் திருடியவள் என்கிற பெயரோடு வெளியே போனால், கணபதியில் மட்டுமல்ல, பீளமேடு வரைக்கும் எந்தப் பட்டறையிலும் அந்த அம்மாவுக்கு நாற்காலி கிடைக்காது. எனக்கு அது தெரியும். இந்த ஊர்ப் பட்டறைகளில் பேச்சு லேத்தைவிட வேகமாகச் சுற்றும்.

மேடம் கம்பியைப் பிடுங்கினார். டீ வந்தது. கடைசியாக எப்போது நன்றாக இருந்தது என்று கேட்டார். "நல்லாத்தானுங்க இருக்குது, இப்பவும்" என்றார் அண்ணன். அந்தப் பதிலைக் கேட்டதுமே மேடம் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சத்தமில்லாத ரகம்.

வழியிலேயே மேடம் என்னிடம் சொல்லியிருந்தார்: "ரங்கராஜண்ணா, நம்ம வேல மெஷினோடங்க. யாரு எடுத்தாங்கன்னு தீர்ப்புச் சொல்றது நம்ம வேல இல்லீங்க." சரியென்று தலையாட்டியிருந்தேன். ஸ்டெல்லா மடியில் இருந்த சாப்பாட்டு டப்பாவைப் பார்த்ததும் அந்தத் தலையாட்டலை வாபஸ் வாங்கிவிட்டேன்.

பட்டறைக் கம்ப்யூட்டரில் எதையும் தட்டாமல், மேடம் தன் லேப்டாப்பில், தன் போன் நெட்டில், அண்ணனுடைய மெயில் கணக்கைத் திறந்தார். உடனே அண்ணன் போனில் 'டிங்' என்று ஒரு மெசேஜ். புது இடத்திலிருந்து யாரோ நுழைகிறார்கள், இந்த எண்ணைச் சொன்னால்தான் விடுவேன் என்று.

"ஏனுங்ணா, இந்த மெசேஜு நடுவுல எப்பவாச்சும் வந்துச்சுங்களா?" என்று கேட்டேன்.

"பாஸ்வேர்டு மாத்துன அன்னிக்கு வந்துச்சு. அதோட இன்னிக்குத்தான்."

"போனு யாருகிட்ட இருக்கும்?"

"தூங்கும்போதும் தலமாட்டுலதான்."

அப்படியென்றால் பாஸ்வேர்டை யாரிடம் கொடுத்திருந்தாலும் அவன் உள்ளே வந்திருக்க முடியாது. வாசலில் அண்ணனின் போன் கத்தியிருக்கும். கத்தவில்லை. மேடம் கணக்கின் நடமாட்டப் பதிவைத் திறந்து வைத்து ஒவ்வொரு வரியாகப் போனார். எல்லா வரியும் பட்டறைக் கம்ப்யூட்டர் என்றே காட்டியது.

"செஷன் போயிருக்குதுங்க" என்றார். அண்ணனுக்குப் புரியவில்லை. மேடம் பொறுமையாக விளக்கினார்: பொருட்காட்சியில் டிக்கெட் வாங்கி உள்ளே போனால் கையில் ஒரு முத்திரை குத்துவார்கள். வெளியே போய்த் திரும்பி வந்தால் டிக்கெட் கேட்க மாட்டார்கள், கையைக் காட்டினால் போதும். கம்ப்யூட்டரும் ஒரு தடவை பாஸ்வேர்டு போட்டு உள்ளே போனதும் அந்த மாதிரி ஒரு முத்திரையை வைத்துக்கொள்ளும். திருடன் பாஸ்வேர்டோடு அந்த முத்திரையையும் அப்படியே அச்செடுத்துக்கொண்டு போய்விட்டான். அதனால் அவன் நுழையும்போது கணக்கு அவனைப் புது ஆளாகவே நினைக்கவில்லை. பட்டறைக் கம்ப்யூட்டர்தான் வந்திருக்கிறது என்று எழுதிக்கொண்டது.

அண்ணன் தாடையைச் சொறிந்தார். "நீங்க படிச்சவங்க சொல்றீங்க. ஆனா மேடம், பட்டறக் கம்ப்யூட்டருன்னுதான அதுலயே எழுதியிருக்குது? அதுல உக்காரறது யாருங்க? நானா?"

மேடத்திடம் அதற்குப் பதில் இருந்தது. ஆனால் அது இன்னும் கொஞ்சம் இங்கிலீஷ். ஸ்டெல்லா கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்தார்.

நான் அந்த வரிகளை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். முன்பே சொன்னேனே, வரிகளை விட மாட்டேன். நேரம், தேதி, நேரம், தேதி. ஒரு தேதியில் விரல் நின்றது. மத்தியான வேளை. டிராயிங் இருந்த மெயில்களை ஒன்று விடாமல் திறந்திருக்கிறான்.

"ஏனுங்ணா, இந்தத் தேதி என்ன நாளுங்க?"

அண்ணன் காலண்டரைப் பார்த்தார். "ஆயுத பூசைங்க."

"அன்னிக்கு பட்டறைல வேல உண்டுங்களா?"

"என்ன கேள்வி கேக்கற ரங்கராஜு? பூசைக்கு வெச்ச மெஷினத் தொடுவாங்களா? முந்தின நாள் சாயங்காலமே கழுவித் தொடச்சு, நானே மெயின் சுவிட்ச அணச்சுபோடுவேன். மறுநா நல்ல நேரத்துல நானே போடுவேன். எங்கப்பாரு காலத்துல இருந்து அந்த சுவிட்சுல வேற ஆளு கை வெக்க மாட்டாங்க."

"யு.பி.எஸ்?"

"அதையுந்தான் அணச்சு, பொட்டு வெச்சு மால போட்டமே! போட்டா இருக்குது பாரு."

போனை எடுத்துக் காட்டினார். படத்தில் மானிட்டருக்கு நெற்றி மாதிரி மேலே மூன்று விரல் சந்தனம், நடுவில் குங்குமம், கீபோர்டின் மேல் சாமந்தி மாலை, சுவிட்சுப் பெட்டியில் எலுமிச்சம்பழம். சுவிட்சு 'ஆஃப்' பக்கம் கிடப்பது பளிச்சென்று தெரிந்தது.

"பொட்டு வெச்சது யாருங்க? அளந்து வெச்ச மாதிரி இருக்குதே" என்றேன்.

"வருசா வருசம் ஸ்டெல்லா அம்மணிதான். முந்தின நாளே வெச்சுட்டுப் போயிரும். அதோட கை சுத்தம்" என்று சொல்லிவிட்டு அண்ணன் நிறுத்தினார். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்திருக்க வேண்டும்.

நான் எழுந்து நின்று, லேத்துக்காரர்களுக்கும் கேட்கிற மாதிரி கேட்டேன்: "அப்ப ஆயுத பூசை மத்தியானம், கரண்டு இல்லாத கம்ப்யூட்டரு, மாலையப் போட்டுக்கிட்டு, எப்படீங்ணா மெயில் படிச்சுது?"

லேத்திலிருந்து ஒரு குரல் வந்தது: "மால போட்டதுல சாமி எறங்கியிருக்குமுங்க!"

முதலில் சிரித்தது ஸ்டெல்லாதான். அப்புறம்தான் கண்ணைத் துடைத்தார்.

மேடம் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "ரங்கராஜண்ணா, இனி கை மடியில இருக்க வேண்டாம். ஆரம்பிங்க" என்றார். ஒரு தலைவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த பட்டம் அதுதான். செஷன் என்று அவர் சொன்னார். ஆயுத பூஜை என்று நான் சொன்னேன். ஒன்று இல்லாமல் இன்னொன்று நின்றிருக்காது.

யார் எடுக்கவில்லை என்பது தெரிந்துவிட்டது. எப்படி வந்தது என்பது பாக்கி. கம்ப்யூட்டர் தொடங்கும்போது தானாகக் கிளம்புகிற வேலைகளின் பட்டியலைத் திறந்தேன். பிரிண்டருக்கு அப்டேட் என்கிற பெயரில் ஒன்று உட்கார்ந்திருந்தது. அந்தப் பட்டறையில் அந்தக் கம்பெனி பிரிண்டரே கிடையாது. அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று பார்த்தேன். அடுத்து ஆண்டிவைரஸின் அமைப்பைத் திறந்தேன். 'இங்கே மட்டும் பார்க்காதே' என்று அதற்கு ஒரு ஃபோல்டரை யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். அதே ஃபோல்டர். காவல்காரனைக் கூப்பிட்டு, இந்த அறைப் பக்கம் திரும்பாதே என்று நாமே சொன்ன மாதிரி.

"ஸ்டெல்லாம்மா, இது நீங்களா?"

"எனக்கு அதத் தொறக்கவே தெரியாதுங்க."

டவுன்லோடு இடத்தில், பூட்டுப் போட்ட ஒரு ஃபைல் கிடந்தது. டிராயிங் சாஃப்ட்வேர் ஓசியில் என்று அதன் பெயரே சொன்னது. ஆண்டிவைரஸ் உள்ளே எட்டிப் பார்க்க முடியாதபடி அதற்கு ஒரு பாஸ்வேர்டு வேறு. நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் லேத்தைப் பார்த்தார்.

"ஒரு வீடியோல காட்டுனாங்க ரங்கராஜு. ஆண்டிவைரஸ அணச்சுபோட்டு ஏத்துங்க, அது சும்மாவே கத்தும்னு சொன்னான். கத்தறத நிறுத்துனேன். ஞாயித்துக்கெழமை, ஆரும் இல்லாதப்ப. சாஃப்ட்வேரும் வேல செய்யல, அதோட மறந்துட்டேன்."

வேலை செய்தது, அண்ணா. அது செய்ய வந்த வேலையைச் செய்தது. புதுப் பாஸ்வேர்டை நல்ல நேரத்தில் அதன் கண் முன்னாலேயே தட்டினீர்கள். அதுவும் நல்ல நேரத்தில் எடுத்துக்கொண்டது.

சுத்தம் செய்த முறையைப் புதிய பிள்ளைகளுக்காக வரிசையாகச் சொல்கிறேன். முதலில் கணக்கு, அப்புறம்தான் மெஷின். மேடத்தின் லேப்டாப்பிலிருந்து, எல்லா இடத்திலிருந்தும் வெளியேற்று என்று கொடுத்து, பழைய முத்திரைகள் அத்தனையையும் செல்லாததாக்கினோம். பிறகு புதுப் பாஸ்வேர்டு, குலதெய்வம் இல்லாமல். மெயிலின் உள்ளமைப்பில் ஒரு கள்ள விதி இருந்தது: டிராயிங் ஒட்டிய மெயில் வந்தால் ஒரு பிரதியை வெளி முகவரிக்கு அனுப்பு என்று. இதை எடுக்காமல் விட்டால் பாஸ்வேர்டை எத்தனை தடவை மாற்றினாலும் வீண். எடுத்தோம். அந்த பிரவுசரில் சேமித்திருந்த பேங்க், வரி, கரண்டு பில் எல்லாம் திருடு போனதாகவே வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் மாற்றினோம்.

மெஷினுக்கு வந்தபோது அண்ணன் குறுக்கே விழுந்தார். "வைரஸ் இருக்கற எடந்தான் தெரிஞ்சுபோச்சே. அத மட்டும் எடுத்துபோட்டு வுட்டுபோடுங்க. எதுக்கு எல்லாத்தையும் அழிக்கோணும்?"

"கண்ணுல பட்டது ஒண்ணுங்க. படாதது எத்தனன்னு எனக்கே தெரியாதுங்க" என்றார் மேடம்.

டிராயிங்குகளை மட்டும் தனியாக எடுத்து, எங்கள் வைரஸ் மேசையில் சோதித்தோம். ஒரு சாஃப்ட்வேரைக்கூட எடுக்கவில்லை. டிஸ்க்கை முழுக்க அழித்து, எங்கள் ஆபீசில் செய்த பென் டிரைவிலிருந்து விண்டோஸைப் புதிதாக ஏற்றினேன். தினசரி வேலைக்கு அதிகாரம் குறைந்த கணக்கு ஒன்று வைத்துக் கொடுத்தேன். அதில் உட்கார்ந்து யார் நினைத்தாலும் ஆண்டிவைரஸை அணைக்க முடியாது, முதலாளி நினைத்தாலும். பம்பு கம்பெனிக்கு நடந்ததை மறைக்காமல் எழுதச் சொன்னார் மேடம். எழுதினார்கள். அவர்கள் ஆளை அனுப்பிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள்.

எல்லாம் முடிந்ததும் அண்ணன் ஸ்டெல்லா பக்கம் போய்க் குரலைத் தாழ்த்தி, "அம்மணி, தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார்.

"தப்பா நெனச்சது நீங்கதானுங்க. நான் என்னத்த நெனச்சேன்?"

"சரீங்க, சரீங்க. மன்னிச்சுபோடுங்க."

"பாம்புன்னு சொன்னது லேத்துகிட்ட நின்னு. இதையும் அங்க வந்து சொல்லுங்க."

அண்ணன் போனார். லேத்துகளை நிறுத்தச் சொன்னார். பட்டறை அமைதியானதும், கையைக் கூப்பி, எல்லோர் காதிலும் விழும்படி மன்னிப்புக் கேட்டார். நாச்சிமுத்து அண்ணன் பெரிய மனிதர் என்பதை நான் அன்றைக்குப் பார்த்தேன். ஸ்டெல்லா நாற்காலியில் போய் உட்கார்ந்து, சாப்பாட்டு டப்பாவை மேசைக்கு அடியில் அதன் இடத்தில் வைத்தார். இப்போது அந்தப் பட்டறைக்கே அவர்தான் மேனேஜர். ஓசியில் எதை இறக்குவதென்றாலும் அண்ணன் அவரிடம் கேட்க வேண்டும். அவர் வேண்டாம் என்பார்.

இனி கம்பெனிக்குச் சொல்ல வேண்டியது. அந்த வேலையைப் பற்றி நீங்கள் எழுதி, எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பிய குறிப்பைப் படித்தேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் பாடமே இப்போது அதுதானாம். மகிழ்ச்சி. ஆனால் அதில், விடுமுறை நாளின் பதிவை ஒப்பிட்டு எங்கள் குழு கண்டறிந்தது என்று இருக்கிறது.

குழுவா? அந்தப் பட்டறைக்கு நாங்கள் இரண்டு பேர்தான் போயிருந்தோம். முத்திரை திருடு போனதைச் சொன்னவர் வசந்தா மேடம். அவர் பெயரை மேலே போடுங்கள். அவருக்கு அது உரிமை, நானே முதல் ஆளாகக் கை தட்டுகிறேன். தேதியில் விரலை வைத்தவன் நான். மெயின் சுவிட்சைக் கேட்டவன் நான். ஒரு பெண்ணின் மேல் விழுந்த பழியை அந்த ஒரு கேள்வியால் எடுத்தவன் நான். குழு என்பது நல்ல வார்த்தை. பத்துப் பேர் செய்ததைச் சொல்ல வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரியை அடித்துவிட்டு, கண்டறிந்தவர் ரங்கராஜ் என்று எழுதுங்கள். அப்படி நடந்ததா என்று சந்தேகம் இருந்தால் பட்டறைக்குப் போன் செய்து மேனேஜரைக் கேளுங்கள். அவர் சொல்லுவார், லேத் சத்தத்துக்கு மேலே.